வெடித்த பாட்டில் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புளிக்கவைத்த உணவுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் இட்லி மாவு, பழைய சோறு, மோர் என்ற வரிசையில், இஞ்சியையும் சர்க்கரையையும் நீரில் புளிக்கவைத்துச் செய்யும் ஜிஞ்சர் பியரையும் சேர்த்திருந்தீர்கள். நான் வழக்கறிஞர். என் தொழிலில் இருப்பவர்களுக்கு ஜிஞ்சர் பியர் என்றால் சட்டக்கல்லூரியில் படித்த நத்தை வழக்குதான் நினைவுக்கு வரும். அது உண்மையில் என்ன பானம் என்று நான் யோசித்ததே இல்லை. பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் கட்டுரையைப் படித்துவிட்டு, எங்கோ செய்முறை தேடிப் பிடித்து, மூன்று கண்ணாடி பாட்டில்களில் ஊற்றி இறுக மூடி வைத்தான். நான்காம் நாள் இரவு ஒன்று வெடித்துவிட்டது. நல்லவேளையாகச் சமையலறையில் யாரும் இல்லை. மற்ற இரண்டும் இன்னும் அலமாரியில் இருக்கின்றன.

ஏன் வெடித்தது? இதில் ஆல்கஹால் உண்டா, பிள்ளைகள் குடிக்கலாமா? நம் பானகத்திலும் சுக்கு சேர்க்கிறோமே, அதைத்தான் ஆங்கிலேயர் கொண்டுபோய் ஜிஞ்சர் பியர் ஆக்கினார்களா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த இரண்டு பாட்டில்கள். மகனை அலமாரிப் பக்கம் விடாதீர்கள். நீங்களே கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்குத் தடித்த உறையும் அணிந்து, ஒவ்வொரு பாட்டிலையும் கனமான ஈரத்துண்டால் சுற்றி, மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்துக்குள் நிறுத்தி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஒரு முழுநாள் குளிரட்டும். குளிர்ந்த நீரில் வாயு கூடுதலாகக் கரையும் என்பதால் அழுத்தம் தணியும். பிறகு துண்டை அவிழ்க்காமலே, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு, மூடியை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். உள்ளே இருப்பதைக் கொட்டிவிடுங்கள்.

வெடித்ததற்கான காரணத்தைக் கணக்காகச் சொன்னால்தான் மகனுக்கு மனதில் நிற்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் ஏறக்குறைய சம எடையில் வெளியிடுகிறது. லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை போட்டிருந்தால், அது முழுவதும் புளிக்கும்போது 50 கிராம் வாயு உண்டாகும். ஷாம்பெயின் பாட்டிலில் இருப்பதே லிட்டருக்கு 12 கிராம் அளவுதான். அதைத் தாங்கத்தான் அவ்வளவு தடித்த கண்ணாடியும் கம்பி கட்டிய தக்கையும். உங்கள் மகன் போட்ட சர்க்கரையில் கால்வாசி புளித்தாலே ஷாம்பெயின் அழுத்தம் வந்துவிடும். திருச்சி வெயிலில் அதற்கு நான்கு நாள் தாராளம். சாதாரண ஜூஸ் பாட்டில் எப்படித் தாங்கும்?

ஜிஞ்சர் பியரின் வரலாறே இந்த அழுத்தத்தைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. ஓர் உயிர்ப்பொருளை மூடிவைக்க வேண்டும், அதன் நுரை வெளியேறவும் கூடாது, பாத்திரமும் உடையக் கூடாது. இதற்கு ஒவ்வொரு காலமும் ஒரு விடை கண்டது.

பானகம் பற்றிய உங்கள் கேள்விக்கு என் பதில், இல்லை என்பதே. ஊர்ப்பற்றில் இப்படிச் சொல்லிக்கொள்ள நமக்கு ஆசை வரும். ஆனால் பானகம் கரைத்த உடனே குடிக்கிற பானம், அதில் புளிப்பித்தல் இல்லை. ஜிஞ்சர் பியருக்குப் புளிப்பித்தலே உயிர். அது 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் உருவானது. இஞ்சி ஆசியாவின் பயிர் என்பது உண்மைதான். மலபார்க் கரையிலிருந்து போன சுக்குக்கு 'கொச்சின் இஞ்சி' என்றே வணிகப் பெயர் இருந்தது. ஆங்கிலேயர் அதோடு ஜமைக்கா இஞ்சியையும், கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையையும் சேர்த்தார்கள். பொருள்கள் வெளியூர், செய்கை அவர்களுடையது. அந்தச் சர்க்கரையின் கதையைச் சொல்லாமல் இந்தப் பானத்தை 'பழைய இங்கிலாந்தின் இனிமை' என்று கொண்டாடும் எழுத்துகள் எனக்கு ஒப்பவில்லை.

ஆரம்பத்தில் அதை ஊற்றிவைத்தது களிமண் பாட்டில்களில். 1835இல் பிரிஸ்டல் நகரத்துக் குயவர் வில்லியம் பவல் நீர் கசியாத ஒரு மெருகுப்பூச்சைக் கண்டுபிடித்தார். மேல்பாதி தேன் நிறத்திலும் கீழ்ப்பாதி வெளிர் நிறத்திலும் பளபளக்கும், கல்போல இறுகச் சுட்ட அந்தக் கல்பாட்டில்களில் தக்கையை அழுத்தி நூலாலோ கம்பியாலோ கட்டினார்கள். லண்டன் தெருக்களில் அரை பென்னிக்கு ஒரு கிளாஸ் என்று விற்றது. கப்பலேறிக் காலனி நாடுகளுக்கும் போனது.

இனி, இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதருக்கு வருகிறேன். ஹாரி மார்ஷல் வார்ட், தாவரவியலாளர். 1880இல், இருபத்தைந்து வயதில், இலங்கைக்கு வந்தார். அங்கே மலையகக் காப்பித் தோட்டங்களை, பூஞ்சையால் வந்த ஓர் இலைநோய் அழித்துக்கொண்டிருந்தது. தமிழகத்திலிருந்து நடந்தும் தோணியேறியும் போன நம் மக்கள் வேலை செய்த அதே தோட்டங்கள்தான். இரண்டு ஆண்டுகள் அந்தப் பூஞ்சையின் வாழ்க்கையை வார்ட் படிப்படியாகப் பின்தொடர்ந்தார், அதன் வித்துகள் காற்றில் பரவுவதைக் காட்டினார். காப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. மலைகள் தேயிலைக்கு மாறின. அவர் இங்கிலாந்து திரும்பி, இந்தியப் பணிக்குப் பொறியாளர்களையும் வன அதிகாரிகளையும் பயிற்றுவித்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் ஆசிரியரானார்.

அங்கிருந்தபோதுதான் அவர் கவனம் ஒரு சமையலறைப் பொருள் மேல் திரும்பியது. ஆங்கிலேய வீடுகளில் 'ஜிஞ்சர் பியர் செடி' என்று ஒன்றைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். பெயர்தான் செடி. பார்ப்பதற்கு ஊறவைத்த ஜவ்வரிசி போல, மஞ்சள் கலந்த வெள்ளையில், பாதி ஒளி ஊடுருவும் கட்டிகள். சர்க்கரையும் இஞ்சியும் கலந்த நீரில் போட்டால் குமிழி ஒட்டிக்கொண்டு மேலே வரும், குமிழி உடைந்ததும் அடிக்குப் போகும். நாளாக நாளாகப் பெருகும், அக்கம்பக்கத்தாருக்கும் பங்கு கிடைக்கும். கிரிமியப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் கொண்டுவந்தார்கள் என்று ஒரு பேச்சு உலவியது.

வார்ட் பல ஆண்டுகள் பொறுமையாக உட்கார்ந்து அந்தக் கட்டியில் இருந்த நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துத் தனித்தனியே வளர்த்தார். தற்செயலாக ஒட்டிக்கொண்டவற்றைக் கழித்தபின் மிஞ்சிய முக்கியமானவை இரண்டு: ஓர் ஈஸ்ட், ஒரு பாக்டீரியா. அந்த பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கூழான ஓர் உறையைச் சுரக்கிறது. உறைகள் சுருண்டு பின்னிக்கொள்ளும்போது ஈஸ்ட் செல்கள் நடுவில் சிக்கிக்கொள்கின்றன. அந்தப் பின்னல்தான் 'செடி'. 1892இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் இதை வெளியிட்டார். என்னை ஈர்ப்பது அவர் எடுத்த அடுத்த அடி. தூய்மையாக வளர்த்த ஈஸ்டையும் பாக்டீரியாவையும் மறுபடி ஒன்றாகக் கலந்து, அந்தக் கட்டியை மீண்டும் உருவாக்கிக் காட்டினார். பிரித்தது சரிதான் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? இரண்டு உயிர்கள் சேர்ந்து வாழ்வதை அவர், பாசியும் பூஞ்சையும் ஒன்றிவாழும் பாசிக்காளானோடு (லைக்கன்) ஒப்பிட்டார். காப்பியைக் கொன்ற பூஞ்சையைப் படித்த அதே கண்தான் அதைக் கண்டது என்று நான் நினைக்கிறேன்.

இதற்கிடையே வேறொரு பாதையும் திறந்திருந்தது. 1767இல் லீட்ஸ் நகரத்தில் ஜோசப் ப்ரீஸ்ட்லி, பியர் காய்ச்சும் தொட்டியின் மேலே எழுந்த வாயுவை நீரில் கரைத்துப் பார்த்தார். நுரையை உயிரிலிருந்து பிரித்தெடுக்க முடியும் என்று தெரிந்துவிட்டது. அதிலிருந்து சோடா வந்தது, வாயு ஏற்றிய இஞ்சிப்பானமான ஜிஞ்சர் ஏல் வந்தது, 1872இல் ஹைரம் காட் காப்புரிமை பெற்ற கோலி பாட்டில் வந்தது. நம் ஊர் இஞ்சி சோடாவும் இலங்கையில் எல்லோரும் அறிந்த எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியரும் குளிர்பானங்கள். அவற்றைப் பிள்ளைகள் குடிக்கலாம். மகன் செய்தது வேறு வகை.

உங்கள் நத்தைக்கு வருகிறேன். 1928 ஆகஸ்ட் 26, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் ஒரு தேநீர்க்கடை. மே டோனஹ்யூவுக்குத் தோழி ஐஸ்கிரீமும் ஜிஞ்சர் பியரும் வாங்கிக் கொடுத்தார். கடைக்காரர் கொஞ்சம் ஊற்றினார், மே குடித்தார். தோழி மீதியை ஊற்றும்போது அழுகிய நத்தை விழுந்தது என்பது புகார். பணம் கொடுத்தவர் தோழி என்பதால் மேவுக்குக் கடைக்காரரோடு ஒப்பந்தம் இல்லை, ஆகவே தயாரிப்பாளர் ஸ்டீவன்சன் மேல் வழக்கு. 1932 மே 26 அன்று அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மேவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும், நீதிபதி அட்கின் பிரபு 'என் அண்டைவீட்டார் யார்' என்று கேட்டு, நம் கவனக்குறைவால் யார் பாதிக்கப்படலாமோ அவரே என்று விடை சொன்னதும் உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். நான் கவனிக்கச் சொல்வது பாட்டிலை. அது ஒளி ஊடுருவாத கருங்கண்ணாடி. ஊற்றியவராலோ குடித்தவராலோ உள்ளே பார்க்க வழியில்லை, பார்க்க முடிந்தவர் அதை நிரப்பியவர் மட்டும்தான். கல்பாட்டில் காலத்திலிருந்தே இந்தப் பானம் கண்ணுக்கு மறைவாகத்தான் வந்தது. புளிக்கவைத்தது கலங்கலாகவும் இருக்கும், அடியில் ஈஸ்ட் வண்டலும் தங்கும். நத்தை உண்மையில் இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை.

மகன் மறுபடி செய்ய விரும்பினால் செய்யட்டும், ஆனால் கண்ணாடி வேண்டாம். தோலோடு துருவிய இஞ்சி ஒரு கரண்டி, சர்க்கரை ஒரு கரண்டி, கொதித்து ஆறிய நீர், வாயகன்ற ஜாடியில் மேலே துணி கட்டி. தினமும் அதே அளவு இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறவேண்டும். கரண்டி பட்டதும் நுரை சீறினால் தயார். பூஞ்சை படர்ந்தால் தயங்காமல் எறிந்துவிடுங்கள். பிறகு ஒரு லிட்டர் நீரில் 40 கிராம் இஞ்சியை நசுக்கிக் கொதிக்கவைத்து, 80 கிராம் சர்க்கரை கரைத்து, நன்றாக ஆறியபின் வடிகட்டி, எலுமிச்சைச் சாறும் ஜாடி நீரில் அரைக் கிளாஸும் சேர்க்கவேண்டும். காரம் கூட வேண்டுமென்றால் சிறிது சுக்கு. இஞ்சி காயும்போது, 'ஜிஞ்சரால்' (gingerol) என்ற அதன் காரப்பொருள், அதைவிடக் காரமான 'ஷோகால்' (shogaol) என்ற பொருளாக மாறுகிறது.

ஊற்றிவைக்க, சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டில்தான் சரி. தண்ணீர் பாட்டில் அழுத்தம் தாங்காது. நான்கு விரல் இடம் விட்டு மூடி, காலையும் மாலையும் பக்கத்தை அழுத்திப் பாருங்கள். விரலுக்கு உள்வாங்காமல் விறைத்த அந்த நேரமே குளிர்சாதனப் பெட்டிக்குப் போகவேண்டும். நம் வெப்பத்தில் ஒன்றரை நாளிலேயே அப்படி ஆகலாம். குளிரிலும் புளிப்பு முழுதாக நிற்பதில்லை, மெதுவாகிறது. ஆகவே இரண்டு மூன்று நாளில் குடித்து முடித்துவிடுங்கள்.

ஆல்கஹால் உண்டு. ஒன்றிரண்டு நாளில் எடுத்தால் மிகக் குறைவு. சர்க்கரை தீரும்வரை விட்டால் 5 சதவீதத்தை எட்டும், அது முழு பியர்தான். அதை வீட்டில் தயாரிப்பதை 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் தடைசெய்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சமையலறையில் அளக்க வழியில்லை. அதனால் சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம் என்பேன். உங்கள் மகனுக்கு, புளிக்கவைக்காமல் அதே இஞ்சிச் சாற்றில் சோடா ஊற்றிக் கொடுங்கள். ஜாடியை அவனே வளர்க்கட்டும், பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் ஒரு துளியைக் கொண்டுபோய்ப் பார்க்கட்டும்.