மாதிரித் தேர்வில் 92 பர்சென்டைல், பன்னிரண்டில் 79 சதவீதம்: எனக்கு ஐஐஎம் கிடைக்குமா?

கேள்வி கேட்ட தம்பி கோத்தகிரிப் பக்கம். பத்தாம் வகுப்பில் 88, பன்னிரண்டில் வணிகவியல் எடுத்து 79, பி.காம்.-இல் 66 சதவீதம். வீட்டில் ஒன்றரை ஏக்கர் தேயிலை. இரண்டு வருடமாக ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு வேலை. ஓபிசி பிரிவு. ஐஐஎம் என்ற மேலாண்மைக் கல்லூரிகளில் சேர எழுதும் கேட் நுழைவுத் தேர்வின் மாதிரிகளில் 92 பர்சென்டைல் வருகிறது, அகமதாபாத் ஐஐஎம் கிடைக்குமா, இல்லை ஆசையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் குன்னூர்க்காரி. இதே மாதிரி வீடு, ஏறக்குறைய இதே மதிப்பெண், இதே கணக்கு வேலை. இரண்டாவது முறை எழுதித்தான் புதிய ஐஐஎம் ஒன்றில் சேர்ந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 92-ஐப் பார்ப்போம். 2024-இல் கேட் எழுதியவர்கள் 2.93 லட்சம் பேர். பர்சென்டைல் என்பது மதிப்பெண் இல்லை, நூற்றுக்கு எத்தனை பேரைத் தாண்டினீர்கள் என்பது. 92 என்றால் உங்களுக்கு முன்னால் சுமார் 23,000 பேர். 99 என்றால் சுமார் 2,900 பேர். அகமதாபாத்தின் முதன்மைப் படிப்பில் இருக்கும் இடங்கள் ஏறக்குறைய 400. காகிதத்தில் ஏழு புள்ளி வித்தியாசமாகத் தெரிவது வரிசையில் இருபதாயிரம் ஆட்கள். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சமீப வருடங்களில் 99 வாங்கியவர்களின் மதிப்பெண்ணைப் பார்த்தால், மொத்தத்தில் பாதிகூட இருக்காது. அவ்வளவு கடினமான தாள். அதனால் ஏழெட்டுக் கேள்விகள் கூடுதலாகச் சரியாகப் போட்டாலே ஆயிரக்கணக்கானவர்களைத் தாண்டிவிடலாம். 92-இல் இருப்பவர் 97-க்குப் போவது நான் கண்ணால் பார்த்த விஷயம்.

அகமதாபாத்தைப் பற்றிக் கேட்டதால் நேராகவே சொல்கிறேன்: உங்களுக்கு அது ரொம்பக் கடினம். காரணம் கேட் இல்லை, பழைய மதிப்பெண். பத்து, பன்னிரண்டு, பட்டம் மூன்றுக்கும் அங்கே தனித்தனியாகப் புள்ளி போடுகிறார்கள். பன்னிரண்டில் அறிவியல், வணிகம், கலை என்று பிரிவுக்குப் பிரிவு அளவுகோல் வேறு. அந்தப் புள்ளிகளையும் கேட் மதிப்பெண்ணையும் சேர்த்துத்தான் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுகிறார்கள். 66 சதவீதப் பட்டத்தை இனி மாற்ற முடியாது. பெங்களூரும் கல்கத்தாவும் பள்ளி மதிப்பெண்ணுக்கு இடம் வைத்திருக்கின்றன. பல புதிய ஐஐஎம்கள் சேர்ந்து நடத்தும் சிஏபி என்ற பொதுச் சேர்க்கை உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. முந்தைய சில வருடங்களில் திருச்சியும் அதில் இருந்தது. கோழிக்கோட்டையும் பட்டியலில் வையுங்கள்.

இதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்லூரியும் தன் சேர்க்கைக் கொள்கையை வருடாவருடம் தன் தளத்தில் போடுகிறது. எதற்கு எவ்வளவு புள்ளி என்று அதில் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, உங்கள் எண்களை அதில் போட்டுக் கணக்கிட்டுப் பாருங்கள். யூடியூபில் பத்து வீடியோ பார்ப்பதைவிட அந்த ஒரு மதியம் அதிகம் சொல்லிக் கொடுக்கும். அப்புறம் ஒரு எச்சரிக்கை. அதில் 'குறைந்தபட்ச பர்சென்டைல்' என்று போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அதற்குக் கீழே இருந்தால் பார்க்கக்கூட மாட்டோம் என்பதுதான் அதன் அர்த்தம். உண்மையில் கூப்பிடும் கோடு அதற்கு வெகு மேலே நிற்கும். முதல் வருடம் நான் இந்த இடத்தில்தான் ஏமாந்தேன். கோவையில் நான் சேர்ந்திருந்த பயிற்சி மையத்தில் என்னை உட்காரவைத்து, குறைந்தபட்சத்தைத் தாண்டிவிட்டாய், நாலு இன்டர்வியூ அழைப்பு உறுதி என்றார்கள். வந்தது ஒன்று.

ஓபிசி விஷயத்தில் நம் மாவட்டத்துக்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நம் வீட்டில் இருப்பது மாநில அரசின் பிசி சான்றிதழ். ஐஐஎம் அதை ஏற்காது. உங்கள் சாதி மத்திய அரசின் பட்டியலில் இருக்க வேண்டும், மத்திய அரசுப் படிவத்தில் கிரீமி லேயரில் (ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவில்) வராதவர் என்று தாசில்தார் சான்று தர வேண்டும். வருமான வரம்பு வருடத்துக்கு 8 லட்சம். விவசாய வருமானம் அந்தக் கணக்கில் வராது என்று எல்லோரும் சொல்வார்கள். காய்கறி போடும் குடும்பத்துக்கு அது சரி. ஆனால் தேயிலை, காபி, ரப்பர் ஆகியவற்றை 1993-ஆம் ஆண்டு மத்திய அரசு ஆணை தோட்டப் பயிர் என்று தனியாகப் பிரித்து வருமான வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டது. ஒன்றரை ஏக்கரில் எட்டு லட்சம் வராது, நீங்கள் பயப்பட வேண்டாம். விண்ணப்பத்தில் தேயிலை வருமானத்தைச் சரியாகக் காட்டி முன்கூட்டியே வாங்கி வையுங்கள். 27 சதவீத இட ஒதுக்கீட்டை ஒரு காகிதத்தால் இழக்கக் கூடாது.

வேலை அனுபவத்துக்கும் காகிதம் வேண்டும். நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் சம்பளத்தைக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. முதல் வருடம் அந்தப் பதினான்கு மாத வேலையை என்னால் நிரூபிக்க முடியவில்லை. பிறகு மேலாளரிடம் பேசி, சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லி, கடிதமும் வாங்கினேன். கேட்டதும் கொடுத்துவிட்டார், நான்தான் கேட்காமல் இருந்திருக்கிறேன். நீங்கள் நாளைக்கே கேளுங்கள்.

இனி நான் முக்கியமாக நினைப்பது. முதல் வருடம் வந்த அந்த ஒரு இன்டர்வியூவில் மூன்று பேர் இருந்தார்கள். என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு ஒருவர் கேட்டார், "ஒரு கிலோ தூளுக்கு எத்தனை கிலோ கொழுந்து?" நாலு, நாலேகால் என்றேன். தினமும் பதிவேட்டில் எழுதுவதுதானே. "சரி, குன்னூர் ஏலத்தில் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் கொழுந்து போடும் விவசாயிக்கு எவ்வளவு கூடும்?"

எனக்கு வாய் திறக்கவில்லை. தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலையைக் கணினியில் ஏற்றுகிறவள் நான். எங்கள் அப்பா அந்த விலைக்குக் காத்திருக்கிறவர். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. அவரே பதில் சொன்னார்: ஏலத்தில் வரும் தொகையை 65-க்கு 35 என்று பிரிக்கிறார்கள், விவசாயிக்கு 65. பத்து ரூபாயில் ஆறரை ரூபாய். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோ கொழுந்து என்பதால் அதை நாலால் வகுத்தால் கிலோவுக்கு ஒரு ரூபாய் அறுபது காசு சொச்சம். அவ்வளவுதான் கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும். அந்த வருடம் எனக்கு இடம் கிடைக்கவில்லை.

அடுத்த பத்து மாதம் கேட் தேர்வுக்குப் படித்ததோடு இதையும் படித்தேன். எங்கள் தூளில் டஸ்ட் என்ற பொடி ரகம் எவ்வளவு, இலை ரகம் எவ்வளவு, எது யாருக்குப் போகிறது. மழைக்காலத்தில் கொழுந்து குவியும்போது சில தொழிற்சாலைகள் ஏன் இலை வாங்க மறுக்கின்றன. செடியை வெட்டிக் கவாத்து செய்து கொழுந்து குறையும் வருடம் ஒரு குடும்பம் எதை நம்பி ஓட்டுகிறது. கூட்டுறவுத் தொழிற்சாலைக்கு இலை போடுவதா, ஏஜென்ட்டுக்குப் போடுவதா என்று அப்பா எதை வைத்து முடிவெடுக்கிறார். எடைபோடும் இடத்தில் சாக்கு ஈரம் என்று கழிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதை ஒரு மாதத்துக்கு எழுதிவைத்துக் கூட்டிப் பார்த்தேன். இரண்டாவது இன்டர்வியூவில் பாதி நேரம் அந்தச் சாக்கு ஈரத்தைப் பற்றித்தான் பேச்சு. பெரிய நிறுவனத்தில் மென்பொருள் எழுதியவர்கள் என் இரு பக்கமும் காத்திருந்தார்கள். அவர்களிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உங்களிடமும் அது இருக்கிறது தம்பி. உங்கள் கேள்வியில் தொழிற்சாலை வேலையை ஒரு குறையைச் சொல்வது போலக் கடைசி வரியில் வைத்திருந்தீர்கள். அது மனதைப் பிசைந்தது.

பரீட்சை பற்றிச் சுருக்கமாக. மூன்று பிரிவு, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியாது. மொத்தம் நன்றாக வந்தும் ஒரு பிரிவில் கோட்டைத் தொடாவிட்டால் வெளியே. உங்கள் 92 எந்தப் பிரிவால் வருகிறது, எது இழுக்கிறது என்று எழுதவில்லை. வணிகவியல் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் கணக்குத்தான் இழுக்கும். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலிருந்து ஆரம்பிப்பதில் வெட்கமே வேண்டாம், நானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன்.

கட்டணம் கேட்டு வீட்டில் பயப்படுவார்கள். பெரிய ஐஐஎம்களில் இரண்டு வருடத்துக்கு 25 லட்சத்தை ஒட்டி வருகிறது. இந்தக் கல்லூரிகளில் இடம் கிடைத்தால் பொதுத்துறை வங்கிகள் சொத்து அடமானம் கேட்காமலே கல்விக்கடன் தருகின்றன. தோட்டத்துப் பத்திரத்தை எடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். எங்கள் அப்பா இரண்டு மாதம் தூங்கவில்லை, எனக்கு அது பின்னால்தான் தெரியும்.

கேட் வழக்கமாக நவம்பர் கடைசி ஞாயிறு. நமக்கு அது வடகிழக்குப் பருவமழை நேரம். எனக்கு மையம் கோவையில் விழுந்தது. முதல் முறை பரீட்சை அன்று காலையில் இறங்கினேன், பர்லியாருக்கு மேலே மண் சரிந்து ஒன்றரை மணி நேரம் பஸ் நின்றுவிட்டது. கதவு சாத்தப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓடிப்போய் உட்கார்ந்தேன், முதல் பிரிவு முழுக்கக் கை நடுங்கியது. நீங்கள் வெள்ளிக்கிழமையே கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, கோவையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். உங்கள் பிரிவுவாரி பர்சென்டைலைக் கருத்தில் எழுதினால், எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று உங்களோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறேன்.