ஆபத்துப் புகையும் ஆல்பப் புகையும்

இந்த வாரக் கடிதங்களில் பாதி கடல் சமாச்சாரம். ஊட்டிக்குப் போகும் கூட்டம் ராமேஸ்வரம் பக்கம் திரும்பிவிட்டது போல.

நாகப்பட்டினத்தில் சொந்தப் படகு ஓட்டிப் பிழைக்கும் மச்சானுக்காகக் கடலில் ஆபத்து வந்தால் உதவி கேட்கக் கையில் பிடித்து எரிக்கும் சிவப்பு ஃபிளேர் (தீப்பந்தம் மாதிரி ஒளிக்குச்சி) ஆறு வாங்கினேன். லேபிளை உரித்தால் அடியில் பழைய லேபிள். காலாவதியாகி நான்கு வருடம். "மருந்து கெட்டுப்போகாதுங்க" என்கிறார் கடைக்காரர். (காங்கேயம்)

கெட்டுப்போகும். பொதுவாகத் தயாரித்த தேதியிலிருந்து மூன்று வருடம்தான் கணக்கு. நல்ல ஃபிளேரே ஒரு நிமிடம்தான் எரியும். அந்த ஒரு நிமிடமும் எரியாமல் போனால் மச்சான் கதி என்ன? லேபிள் மேல் லேபிள் ஒட்டுவது சுத்தமான மோசடி, உங்கள் மேல் தப்பே இல்லை. பில்லையும் இரண்டு லேபிள்களையும் படம் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள். மசியவில்லையென்றால் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கியது எந்த ஊரானாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. "தொழிலுக்கு வாங்கினது" என்று கடைக்காரர் நழுவப் பார்ப்பார்; சுயதொழில் பிழைப்புக்கு வாங்கியவரும் நுகர்வோர்தான். ஃபிளேரைக் கொளுத்திப் பார்க்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் சாட்டிலைட் போன் தருகிறார். கடலில் உதவுமே, வாங்கலாமா? (நாமக்கல்)

தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் போலீஸ்தான் வரும். வேண்டாம்.

படகுக்காரர் ஒருவரிடம் ஆரஞ்சுப் புகை டப்பா மிச்சம் இருக்கிறது. தனுஷ்கோடியில் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட்டுக்கு வாங்கலாமா? கலர் நன்றாக வரும். (திருப்பூர்)

ஏனுங்க, கல்யாணத்துக்கு வேறு கலரே கிடைக்கவில்லையா? பகலில் ஆரஞ்சுப் புகை என்றால் "உயிர் போகிறது, வாங்க" என்று அர்த்தம். ஆபத்தில்லாமல் இந்தச் சைகைகளைக் காட்டக் கூடாது என்று 1972 சர்வதேசக் கப்பல் மோதல் தவிர்ப்பு விதிகளின் நான்காம் இணைப்பே சொல்கிறது. உங்கள் ஆல்பத்துக்காகக் கடலோரக் காவல்படை படகு எடுத்துக்கொண்டு வர வேண்டுமா?

கடற்கரைக்குப் போகிறவர்களில் பலருக்கு இது எதுவும் தெரிவதில்லை என்பது என் பழைய எரிச்சல். சிவப்பு வெளிச்சம் உதவி கேட்பது. வெள்ளை ஃபிளேர் "இங்கே இருக்கிறேன், மோதிவிடாதே" என்பது மட்டும். பாராசூட் ராக்கெட் 300 மீட்டர் உயரம் போய், சிவப்பாக 40 நொடி எரிந்தபடி மெதுவாக இறங்கும். படகில் ஒருவர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து மெதுவாகத் தூக்கித் தூக்கி இறக்கினால் அது டாட்டா இல்லை. நம் ஆட்கள் திருப்பிக் கையாட்டிவிட்டு செல்ஃபி எடுப்பார்கள்! விடாமல் ஹாரன் அடிப்பதும், ரேடியோவில் 16-ஆம் சேனலில் மூன்று தடவை "மேடே" என்பதும் அதே கூக்குரல்தான். பார்த்தால், கேட்டால் கடலோரக் காவல்படையின் 1554க்கு அடியுங்கள்: எங்கே நிற்கிறீர்கள், எந்தத் திசையில், எத்தனை மணிக்கு, என்ன நிறம். படகுக்காரரிடம் சொல்லுங்கள், அந்த டப்பா படகிலேயே இருக்கட்டும்.

எஸ்.ஓ.எஸ். பட்டன் வைத்த டார்ச். அமுக்கினால் காவல்படைக்குத் தகவல் போகுமா? (ஈரோடு)

போகாது, மினுக்கும். அவ்வளவுதான். பொருட்காட்சியில் நானும் ஒன்று வாங்கினேன். மூன்று குட்டை, மூன்று நெட்டை, மூன்று குட்டை என்று வர வேண்டிய வெளிச்சம் இஷ்டத்துக்கு மினுக்கியது. வாசலில் விழுந்த தூறலுக்கே செத்தும் போனது. செயற்கைக்கோளுக்குத் தகவல் போக வேண்டுமென்றால் 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் (ஆபத்துத் தகவல் அனுப்பும் ரேடியோ கருவி) வேண்டும், அதுவும் உங்கள் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள பழைய பீக்கனைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதில்லை.

ஃபிளேர் விலை அதிகம். தீபாவளி ராக்கெட் போதாதா? (பொள்ளாச்சி)

போதாது. கரையில் இருப்பவர்கள் கோயில் திருவிழா என்று ரசித்துக்கொண்டு நிற்பார்கள்.