குருகிராமா, கோரேகாவா?

கேள்வி: எனக்கு 36 வயது. மதுரையில் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பதவி உயர்வோடு மாற்றல் வந்திருக்கிறது. குருகிராம், மும்பை கோரேகாவ் கிழக்கு இரண்டில் ஒன்றை நானே தேர்ந்தெடுக்கலாம். சம்பளம் ஒன்றுதான். மே கடைசியில் சேர வேண்டும்; பதில் சொல்லப் பத்து நாள்தான் இருக்கிறது. கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. மகள் இரண்டாம் வகுப்பு போகப்போகிறாள். குளிர்காற்று பட்டால் அவளுக்கு வீசிங் வந்துவிடும். மாமியாரும் எங்களோடு இருக்கிறார். மும்பை வாடகையில் குருகிராமில் இரண்டு மடங்கு பெரிய வீடு கிடைக்கும் என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)
வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முழுக் கடிதத்தில் வாடகைக் கணக்கு ஒரு பக்கத்துக்கு இருக்கிறது. குழந்தையின் வீசிங் ஒரே வரியில் முடிந்துவிட்டது. அந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மும்பைக்குப் போங்கள்.

அந்த வரி மட்டும் இல்லாதிருந்தால் யோசிக்காமல் டெல்லிப் பக்கம் என்று சொல்லியிருப்பேன். பெண்களுக்கென்று தனிப் பெட்டியோடு ஓடும் மெட்ரோ குருகிராம் வரை போகிறது. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகள் நடத்துகிறது. அவற்றில் ஒன்றுக்குப் பக்கமாக வீடு பார்த்துக் குடிபோனால் பிள்ளை அங்கே தமிழும் படிக்கலாம். மலை மந்திரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் நாலு பேராவது தமிழில் பேசிக்கொண்டு நிற்பார்கள். நான்கு வருடம் அங்கே சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ஆனால் எங்கள் மேல்வீட்டில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். நாம் மழைக்குக் குடையை எடுத்துக் கதவோரம் மாட்டுவதுபோல, தீபாவளி நெருங்கும்போதே அவன் அம்மா, மருந்தை ஆவியாக்கி மூச்சில் இழுக்க வைக்கும் நெபுலைசரைத் துடைத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிடுவார். விடியற்காலையில் அதன் மோட்டார் சத்தம் எங்கள் கூரை வழியே கேட்கும். பத்து நிமிடம் ஓடி நிற்கும். பிறகு இருமல் வருமா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பேன். அக்டோபர் கடைசியில் அங்கே காற்று ஓய்ந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று தரையோடு தங்க, வண்டிப் புகை, கட்டுமானத் தூசி, பஞ்சாப், ஹரியானாவில் அறுவடை முடிந்து எரிக்கும் வைக்கோலின் புகை எல்லாம் மேலே போக வழியில்லாமல் நிற்கும். காற்றுத் தரக் குறியீடு (எண் ஏற ஏறக் காற்று மோசம்) 400-ஐத் தாண்டும் நாட்கள் வரும். 2024 நவம்பரில் டெல்லி வட்டாரத்துப் பள்ளிகளை மூடி இணையத்தில் வகுப்பு நடத்தினார்கள். ஜனவரியில் விடிகாலை வெப்பம் நாலைந்து டிகிரிக்கு இறங்கும். வெறுங்காலைத் தரையில் வைக்க முடியாது. குளிர்காற்றுக்கே இழுக்கும் பிள்ளையை அங்கே கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய வீட்டில் வைத்து, ஜன்னலை மூடிக்கொண்டு உட்காருவதா?

மும்பைக் காற்று சுத்தம் என்று நான் சொல்லவில்லை. குளிர்காலத்தில் அங்கேயும் தூசி மண்டும். அதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஈரம். ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்கும் மழை செப்டம்பர் வரை விடாது. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியது, மதுரைக்கு அது ஏறக்குறைய ஒரு வருட மழை. அப்படிப்பட்ட நாள் அபூர்வம். சாதாரண ஜூலையிலேயே உப்பு ஜாடியில் நீர் விடும், தோல் பெல்ட்டில் பச்சையாய்ப் பூஞ்சணம் பூக்கும். ஈரம் காயத் துணி அலமாரிக்குள் சின்ன பல்பு ஒன்றைப் போட்டு வைப்பார்கள். பூஞ்சணமும் வீசிங்கைக் கிளப்பும். அதனால் முதலில் உங்கள் குழந்தை மருத்துவரிடம் போய் இரண்டு ஊரையும் சொல்லி, இவளுக்குக் குளிரா, புகையா, ஈரமா, எது ஆகாது என்று கேளுங்கள். ஈரமும் பூஞ்சணமும்தான் முதல் எதிரி என்று அவர் உறுதியாகச் சொன்னால் என் பதிலைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

சரி, மும்பை என்று முடிவானால் வீட்டை மே மாதத்தில் பார்ப்பீர்கள். அப்போது எல்லாச் சுவரும் காய்ந்து அழகாகத்தான் இருக்கும். புது பெயின்ட் வாசனை வந்தால் அங்கேயே நின்று நன்றாகப் பாருங்கள். அலமாரிக்குப் பின்பக்கம், ஜன்னல் மூலை, குளியலறையை ஒட்டிய சுவர் எல்லாவற்றையும் கையால் தடவிப் பாருங்கள். தென்மேற்குச் சுவரில் சாரல் நேராக அடிக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் கடைசி மாடி வேண்டாம். புரோக்கர் நகர்ந்ததும் வாட்ச்மேனிடம் "மழையில் ஒழுகுமா?" என்று கேளுங்கள், உண்மை வந்துவிடும்.

ரயிலில் தொங்க வேண்டும் என்று நீங்கள் பயப்படத் தேவையில்லை. மெட்ரோ 7-ஆம் தடம் நெடுஞ்சாலையை ஒட்டி தஹிசர் கிழக்கிலிருந்து அந்தேரி கிழக்கு வரை போகிறது; கோரேகாவ் கிழக்கும் வழியில்தான். காந்திவலி கிழக்கு, போரிவலி கிழக்கு பக்கம் அந்த மெட்ரோவுக்கு நடந்து போகும் தூரத்தில் தேடுங்கள். அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடு எடுப்பதைவிட, நாலு நிறுத்தம் தள்ளி இரண்டு படுக்கையறை எடுப்பது மேல். உங்கள் கணவருக்கு மூடிக்கொள்ள ஒரு கதவு வேண்டும். நாள் முழுக்க அவர் போனில் பேச, கூடத்தில் மாமியார் டிவியைச் சத்தம் இல்லாமல் பார்க்க என்று போனால் மூன்றே மாதத்தில் வீடு நரகமாகிவிடும்.

பெரும்பாலும் பதினொரு மாத ஒப்பந்தம்தான். சில மாத வாடகை முன்பணம், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை என்று கையில் எடுத்து வையுங்கள். மீன், கறி சமைப்பவர்கள் என்றால் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். சில கட்டடங்களில் விடமாட்டார்கள். பள்ளியில் மராத்தி கட்டாயம், ஆனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை சீக்கிரம் பிடித்துக்கொள்வாள்.

அப்புறம் ஒன்று. இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் மாமியார் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள், பிள்ளை பள்ளியில் இருப்பாள். பாஷை தெரியாத ஊரில் பகல் முழுக்கக் கழிக்கப்போவது அவர்தான். இந்தப் பத்து நாளுக்குள் ஒரு முறை அவரையும் மும்பைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருநாள் மாதுங்கா ரோடு ஸ்டேஷனில் இறங்கி மாதுங்கா மார்க்கெட்டுக்குள் நடந்து பாருங்கள். மல்லிகைச் சரம், வாழையிலை, முருங்கைக்காய் எல்லாம் அங்கே கிடைக்கும், தமிழில் பேரம் பேசலாம். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்குப் பதில் எழுதுங்கள்.