தைராய்டு மாத்திரை போடுபவர் அமுக்கரா டீ குடிக்கலாமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து 44 வயது வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து மனசே சரியில்லை. ராத்திரி 2 மணி வரை தூக்கம் வருவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா அமுக்கராப் பொடி கொடுத்து, டீ மாதிரி கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார். 6 வருடமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறேன். குடிக்கலாமா?"

இப்போதைக்கு வேண்டாம் அம்மா. பொடியை மூடி வையுங்கள், முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடலாம்.

அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, நல்ல மருந்துதான், நானே பலருக்குக் கொடுக்கிறேன். அதன் அறிவியல் பெயரில் உள்ள 'சோம்னிஃபெரா' என்ற லத்தீன் சொல்லுக்கே தூக்கம் தருவது என்றுதான் பொருள். ஆனால் உங்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த வேர் தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தைராய்டு லேசாகக் குறைந்திருந்த 50 பேரில் ஒரு பாதிக்கு 8 வாரம் அமுக்கரா சாறு கொடுத்துப் பார்த்தபோது, அவர்களுக்கு டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன், தைராய்டு கூடினால் இது இறங்கும்) இறங்கி, தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 இரண்டும் ஏறின. சின்ன ஆய்வுதான், ஆனாலும் ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர் இதையும் சேர்த்துக் குடித்தால் அளவு மிஞ்சிப் போகலாம். மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், அப்புறம் எந்தத் தூக்கத்துக்காகக் குடித்தீர்களோ அதுவும் போய்விடும்.

இன்னொன்று, உங்கள் தூக்கமின்மைக்கே மாத்திரையின் அளவு காரணமாக இருக்கலாம். அளவு கூடினால் தூக்கம் கெடும், குறைந்தால் மனசு சோர்ந்து கிடக்கும். கடைசியாக டிஎஸ்எச் எப்போது பார்த்தீர்கள்? 6 மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் இந்த வாரமே பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டவுடனே காபி குடிக்கிற பழக்கம் இருந்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை தள்ளிப் போடுங்கள், காபி மாத்திரையை உடம்பில் சேர விடாது.

அக்கா சொன்ன முறையும் சரியில்லை. சித்த மருத்துவத்தில் அமுக்கரா வேரைப் பொடித்து, பாலில் பிசறி, புட்டு மாதிரி ஆவியில் அவித்து, உலர்த்திச் சுத்தி செய்த பிறகுதான் சூரணத்தில் சேர்ப்போம். பச்சைப் பொடியில் குதிரை வாடை அடிக்கும், கொதிக்க வைத்தால் அந்தக் கசப்போடு வயிற்றைப் புரட்டும். கர்ப்பிணிகளும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் இதைத் தொடவே கூடாது. சர்க்கரை, பிரஷர், தூக்க மாத்திரை போடுகிறவர்கள் கேட்காமல் குடிக்கக் கூடாது.

சரி, அதுவரை என்ன குடிப்பது? குழந்தைக்கு மருந்து உரைக்கிற கல் வீட்டில் இருக்கும் இல்லையா, அதில் ஜாதிக்காயைத் துளி தண்ணீர் விட்டு நாலு இழைப்பு இழையுங்கள். விரல் நுனியில் ஒட்டுகிற அந்தப் பழுப்பு விழுது போதும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான பாலில் கலந்து, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் குடியுங்கள். தூக்கம் வரவில்லையே என்று அளவைக் கூட்டாதீர்கள். ஒரு முழுக் காயை அரைத்துக் குடித்தால் வாந்தி, படபடப்பு, மனக்குழப்பம் எல்லாம் வந்து ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதுதான்.

சாயந்திரம் 6 மணி டீயையும் நிறுத்துங்கள். அதில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், அதாவது நீங்கள் பாயை விரிக்கும்போதும் பாதி உடம்பில் இருக்கும்.

மகள் போன வீடு வெறிச்சோடித்தான் இருக்கும், அந்தத் துக்கத்தை எந்தக் கஷாயமும் கழுவிவிடாது, தினமும் ஒரு நேரம் வைத்து அவளோடு பேசுங்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு இறங்காமல், உயிரோடு இருந்து என்ன என்கிற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416க்கு எந்நேரமும் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவரையும் பாருங்கள்.

டிஎஸ்எச் முடிவு வந்ததும், அதையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் முதலில் காட்டுங்கள். அளவு சரியாக இருந்து, அவரும் சரி என்றால், சுத்தி செய்த அமுக்கராச் சூரணம் எவ்வளவு, எத்தனை நாள் என்பதைச் சித்த மருத்துவரிடம் கேட்டு ஆரம்பிக்கலாம். ஆரம்பித்த 6 வாரத்தில் மறுபடி ஒரு டிஎஸ்எச் பார்க்க வேண்டும்.