கையால் செய்த கிட்டாருக்கு ஏன் அவ்வளவு விலை? பழைய கிட்டாரைச் சேகரிப்பவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கிட்டார் செய்வதையும் பழுது பார்ப்பதையும் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இரண்டு கேள்விகளுக்கும் என் விடை ஒன்றுதான்: மேற்பலகை, அதாவது ஒலித்துளை உள்ள முன்பக்கப் பலகை.

எஃகுக் கம்பிகள் ஆறையும் சுருதி சேர்த்து முறுக்கிய பிறகு, அவை ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் இழுத்துக்கொண்டே இருக்கின்றன; அதைத் தாங்க வேண்டிய, ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரப் பலகையின் கனமோ 3 மில்லிமீட்டரை ஒட்டியதுதான். கனம் கூடினால் கிட்டார் நெடுநாள் உழைக்கும், ஆனால் ஒலி உள்ளேயே அடங்கிவிடும். குறைந்தால் அழகாக முழங்கும், சில ஆண்டுகளில், கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்குப் பின்னே பலகை புடைத்து முன்னே குழிந்துவிடும். ஒரே மரத்தில் அடுத்தடுத்து அறுத்த இரு பலகைகள்கூட ஒரே விறைப்புடன் இருப்பதில்லை என்பதால், அளவுகோலை மட்டும் நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது. பலகையின் விளிம்பை இரு விரல்களால் பிடித்துத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டி, மந்தமான ஓசை மெல்ல மெல்ல மணியோசைபோல் நீளும்வரை உட்புறத் தாங்குசட்டங்களை இழைப்புளியால் சீவிக்கொண்டே வர வேண்டும். இனி ஒரு சுருளும் சீவக்கூடாது என்று கை நிற்கும் அந்த இடத்திற்காகத்தான் நீங்கள் விலை கொடுக்கிறீர்கள்.

ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ டி டோரெஸ் 1862-இல் ஒரு கிட்டாரின் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் அமைத்தார். ஒலி பெரிதும் மேற்பலகையிலிருந்தே பிறக்கிறது என்று காட்டுவதற்காகவே அதைச் செய்தார். ஆயினும் சந்தையில் பிரேசில் ரோஸ்வுட் முதுகுக்கே பெருவிலை. 1969-இல் அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான மார்ட்டின் அதைவிட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு, அதாவது ஈட்டி மரத்துக்கு மாறியது. 1992 முதல் பிரேசில் மரத்தின் பன்னாட்டு வணிகத்துக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. அந்த விலை, மரம் அரிதாகக் கிடைப்பதற்கான விலையே தவிர ஒலிக்கானது அன்று என்பது என் உறுதியான கருத்து. உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் அத்தகைய கிட்டாரை எல்லை கடந்து வாங்காதீர்கள்.

பழையதை வாங்கும்போது ஒரு சிறு கண்ணாடியும் விளக்கும் எடுத்துச் செல்லுங்கள். ஒலித்துளை வழியே தாங்குசட்டங்கள் பசைவிட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்; பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள், அது உள்ளே நுழைந்தால் பிரிட்ஜ் எழும்பத் தொடங்கிவிட்டது. விரிசல் இருந்தால் அஞ்ச வேண்டாம், அதை எதைக்கொண்டு ஒட்டினார்கள் என்பதையே கேளுங்கள். மரபான தோல்பசை வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இளகிவிடும், மறுபடி பிரித்துச் சீர்செய்யலாம். ஒருமுறை என்னிடம் வந்த கிட்டாரில் யாரோ எப்பாக்ஸி என்னும் செயற்கைப் பசையால் ஒட்டியிருந்தார்கள். அதை அகற்றும்போது ஸ்ப்ரூஸ் நார்களும் கூடவே உரிந்து வந்தன, இறுதியில் அந்த இடத்தில் புதிய மரத்தையே பதிக்க வேண்டியதாயிற்று.