ஒற்றைக் கை ஆட்டக்காரர்

கேள்வி: விடுமுறைக்கு வந்திருக்கும் எங்கள் பேரன், அமெரிக்காவின் முதல்தர பேஸ்பால் லீகில் ஒற்றைக் கையோடு ஒருவர் ஆடினார் என்று முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து சாதிக்கிறான். பந்தைப் பிடித்த கையாலேயே எப்படி எறிவார் என்று கேட்டால் விழிக்கிறான். இது உண்மையா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: உண்மைதான் ஐயா. அவர் பெயர் பீட் கிரே. பென்சில்வேனியாவின் நாண்டிகோக் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் 1915இல் பிறந்தவர். ஆறு வயதில் லாரியிலிருந்து விழுந்து, சக்கரத்தில் சிக்கிய வலது கையை முழங்கைக்கு மேல்வரை இழந்தார். வலக்கைப் பழக்கமுள்ள அந்தச் சிறுவன் இடக்கையால் மட்டை வீசக் கற்று, 1945இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியின் அவுட்ஃபீல்டராக, அதாவது மைதானத்தின் வெளிப்பகுதியில் பந்தைப் பிடிப்பவராக, 77 ஆட்டங்கள் ஆடினார்.

பந்தைப் பிடிக்கும் வித்தைக்கு வருவோம். உள்திணிப்பைப் பெரிதும் குறைத்த கையுறையை அணிந்திருப்பார். பந்து அதற்குள் விழுந்ததும், துண்டைக் கக்கத்தில் இடுக்குவதுபோல் கையுறையை வலப்பக்கத்துக் குறைக்கையின் அடியில் இடுக்கிக்கொண்டு கையை உருவுவார். பந்து மார்பின் குறுக்கே உருண்டு வெறுங்கைக்கு வந்து சேர, அப்படியே எறிந்துவிடுவார். பேரனை வளவில் நிறுத்தி ஒருமுறை செய்துபார்க்கச் சொல்லுங்கள், பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருக்கும் பக்கம் மட்டும் வேண்டாம்.

இரண்டாம் உலகப் போரினால் ஆள் பற்றாக்குறை இருந்த காலத்தில் கூட்டம் சேர்க்கக் கொண்டுவந்த வேடிக்கைப் பொருள் அவர் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அதில் பாதிதான் நியாயம் என்று படுகிறது. ஏனெனில் முந்தைய ஆண்டு கீழ்நிலை லீக் ஒன்றின் மெம்பிஸ் அணிக்காக 0.333 சராசரியில், அதாவது மூன்று முறைக்கு ஒரு ஹிட் (பேஸ் சேரும்படியான நல்ல அடி) என்ற கணக்கில் அடித்து, 60க்கும் மேற்பட்ட பேஸ்களைத் திருடி (எதிரணி அசந்த நேரத்தில் ஓட்டப் பாதையின் அடுத்த நிலைக்கு ஓடிச் சேர்ந்து), அந்த லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் அவர் பெற்றிருந்தார்.

அவரைக் கவிழ்த்தது மட்டைதான். வேகப்பந்தை நன்றாகவே அடித்தார். ஆனால் வீசத் தொடங்கிய மட்டையை நடுவில் இழுத்து நிறுத்த இன்னொரு கை இல்லை என்பதைக் கண்டுகொண்ட பிட்சர்கள் (பந்தெறிபவர்கள்), வேகத்தைக் குறைத்தும் வளைத்தும் எறியத் தொடங்கினார்கள். 234 முறை மட்டை பிடித்து 51 ஹிட் எடுத்தார், சராசரி 0.218. கையுறையிலிருந்து பந்தை மாற்றும் நொடியில் எதிரணியினர் கூடுதலாக ஒரு பேஸ் ஓடிவிடுகிறார்கள் என்று சக ஆட்டக்காரர்களும் முணுமுணுத்தார்கள். போர் முடிந்து பழைய வீரர்கள் திரும்பியதும், 1946இல் அவர் கீழ்நிலை லீகின் டொலிடோ அணிக்கு அனுப்பப்பட்டார். மேல்மட்டத்தில் அவர் ஆடியது அந்த ஒரே பருவம்தான்.