கிளிப் போட்ட பல்லில் ஈறு வளர்ந்தால்: லேசரா, கத்தியா?

கேள்வி: மகளுக்கு 15 வயது. பல்லுக்குக் கிளிப் போட்டு ஓராண்டாகிறது. மேல் முன்பற்களில் ஈறு வீங்கி, பிராக்கெட்டின் (பல்லில் ஒட்டி, கம்பியைத் தாங்கும் சிறு துண்டு) பாதியை மூடிவிட்டது. லேசரில் எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். கத்தியால் எடுப்பது நல்லதா?

பதில்: அதற்கு முன், இப்போதே எடுக்கலாமா என்று பாருங்கள். ஈறு சிவந்து, தொட்டாலே ரத்தம் கசிந்தால் பெரும்பகுதி வெறும் வீக்கம்தான். ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையை நீக்குவது) செய்து, கம்பிக்கு அடியில் இடைப்பல் பிரஷை நுழைத்துத் தினமும் தேய்த்தால் 4 முதல் 6 வாரங்களில் நன்றாக வற்றும். வீங்கிய நிலையிலேயே வெட்டினால் எல்லை பிடிபடாது. பிறகு ஈறு சுருங்கும்போது பல்லின் வேர்ப்பகுதி வெளியே தெரியும். வலிப்புக்கு ஃபெனிடோயின் சாப்பிடுகிறவர் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், அந்த மருந்தே ஈறை வளர்க்கும்.

ஆறு வாரம் கழித்தும் ஈறு தடித்து, வெளிறி, இறுகியே இருந்தால் வெட்டலாம். ஆனால் அளக்காமல் வெட்டக் கூடாது. மரத்துப்போகும் ஊசி போட்டபின் அளவுக்கோலை ஈறு விளிம்பிலிருந்து எலும்பு தட்டும்வரை இறக்கிப் பார்ப்பார்கள். வெட்டியபின் ஈறு விளிம்புக்கும் எலும்புக்கும் இடையே சுமார் 3 மி.மீ. மிஞ்ச வேண்டும். 5 மி.மீ. இருந்தால் 2 மி.மீ. எடுக்கலாம். மூன்றரைதான் இருக்கிறது என்றால் ஈறை மட்டும் நறுக்கிப் பயனில்லை, திரும்ப வளர்ந்துவிடும். ஈறைப் பிரித்து எலும்பையும் சீராக்க வேண்டியிருக்கும். பல்லை ஒட்டிய கெட்டியான ஈறுப் பட்டை குறுகலாக இருந்தாலும் வெட்டக் கூடாது.

இனி கருவி. நாலைந்து பற்கள், வாயில் பிராக்கெட் என்றால் டயோடு லேசருக்கே என் ஓட்டு. வெட்டும்போதே ரத்தம் உறைவதால் வேலை செய்யும் இடம் தெளிவாகத் தெரியும், தையல் வேண்டாம். கத்தியால் 45 டிகிரி சாய்த்து வெட்டிய புண்ணுக்கு வழக்கமாக ஒரு வாரம் பேக் (புண்ணை மூடும் பசை போன்ற கட்டு) வைப்பார்கள். அது பிராக்கெட்டில் சிக்கிக்கொண்டு படாதபாடு படுத்தும். ஆனால் வாய் முழுக்கத் தடித்த ஈறு என்றால் கத்திதான் வேகம்.

லேசரிலும் தவறு நேரும். முனையை ஒரே இடத்தில் நிறுத்தினால் திசு கருகி, சூடு எலும்புவரை போகும், ஈறு இறங்கிப்போகும். சுமார் 1 முதல் 2 வாட்டில், வண்ணம் தீட்டுவதுபோல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பிராக்கெட்டின் உலோகத்தில் கதிர் பட்டுத் தெறிக்கும் என்பதால் மகள் உட்பட அறையில் இருக்கும் எல்லோரும் அந்தக் கதிருக்கான கண்ணாடி அணிய வேண்டும்.

மறுநாள் வெட்டிய இடத்தில் வெண்மஞ்சளாக ஏடு படியும். சீழ் என்று பயந்து சுரண்டாதீர்கள், புண் ஆறுவதன் அறிகுறி அது. மேல்தோல் மூட ஒன்றிரண்டு வாரமாகும். அதுவரை மென்மையான பிரஷ், மருத்துவர் சொன்னால் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு. பேஸ்ட்டில் துலக்கியதும் உடனே கொப்பளித்தால் மருந்தின் வீரியம் குறையும், அரை மணி நேரம் விடுங்கள்.

ஈறு பிராக்கெட்டை மறைத்துத் துலக்கவிடாமல் செய்தால், வீக்கம் வற்றியபின் கிளிப் இருக்கும்போதே எடுத்துவிடலாம். அழகுக்காக மட்டும் என்றால், கிளிப் கழற்றி மூன்று மாதமாவது பொறுங்கள். வெட்ட வேண்டுமா என்ற கேள்வியே மாறிப்போகும் அளவுக்கு ஈறு தானாகச் சுருங்குவதும் உண்டு.